வீமனுக்கு ஒன்றும் கொண்டுவர வேண்டாம்

நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்துவிட்டு வருகிற ஒரு மனிதர், வீட்டிலிருக்கிற ஒரேயொரு நல்ல சோபாவை நாய்க்கு விட்டுவிட்டுத் தான் ஏன் நிலத்தில் இருக்கிறார்? பக்கத்து வீட்டுக்கு ஒரு பின்னேரம் போனபோது இதைக் கண்டேன். பள்ளிக்கூடம் முடித்து, அடுத்தது என்னவென்று தெரியாமல் நான் திரிந்த காலம் அது. எவ்வளவு யோசித்தும் விடை கிடைக்கவில்லை. பிறகு அந்த வீட்டார் மூவரும் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் செல்வரட்ணம். வயது நாற்பத்தேழு. கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்னில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் வரிசையில் ஏழாவது வீடு. கார் இருக்கைகளுக்கு உறை பூட்டுகிற தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்தேகால் பஸ்ஸில் ஏறினால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் திரும்புவார். திரும்பும்போது பஸ்ஸில் நித்திரையாகி, இறங்க வேண்டிய இடம் கடந்துபோய், அடுத்த தரிப்பிலிருந்து பனிக்குள் நடந்து வருவது வாரத்தில் இரண்டு நாளாவது நடக்கும். அவருடைய மனைவி சந்திரவதனா மத்தியானம் இரண்டரைக்கு வீட்டைவிட்டு இறங்கி, முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதிக்குப் போவார். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் ஆறுதலாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

மகள் தனுஷிகாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி விட்டு மூன்றேகாலுக்கு வருவாள். தகப்பன் வரும்வரை முக்கால் மணித்தியாலம் அவள் தனிய. பின்வரிசையில் ஒரு வீட்டுக் கதவை உடைத்து ரீவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சந்திரவதனா அந்த முக்கால் மணித்தியாலத்தையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, ஒரு நாய் எடுப்பம். பெரிய நாயா."

"மனிசருக்கே இருக்க இடமில்லை, வதனா."

"பிள்ளையைத் தனிய விட்டிட்டு அங்கை துணி தோய்க்கிறவள் நான். உங்களுக்கு என்ன தெரியும்?"

தொழிற்சாலையில் செல்வரட்ணத்துக்கு எதிரே நின்று வேலை செய்தவர் டொறீன் என்ற பெண். ஐம்பது கடந்தவர். அமெரிக்காவில் பந்தயம் ஓடி முடித்த நாய்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ரொறன்ரோவில் வீடு தேடிக் கொடுக்கிற ஒரு சிறிய சங்கத்தில் அவர் இருந்தார். காயப்பட்டாலோ வேகம் குறைந்தாலோ அந்த நாய்களை யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார். "பெரிய நாயா?" என்று ஒருநாள் செல்வரட்ணம் கேட்டார். "பெரிய நாய்தான்" என்றார் டொறீன். செல்வரட்ணம் கேட்டது அவ்வளவுதான். குரைக்குமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

1996ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாய் வந்தது. மண்ணிற உடம்பில் கறுப்பு வரிகள். மேசையளவு உயரம். நீளமான முகம், குச்சி போன்ற கால்கள், ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய விலா எலும்புகள். இரண்டு காதுகளின் உள்ளேயும் பச்சை மையில் இலக்கம் குத்தியிருந்தது. பின்னங்கால் ஒன்று பந்தயத்தில் முறிந்து பொருந்தியதாம். ஓடும்போது வைத்திருந்த பெயர் கடதாசியில் ஒரு வரி நீளத்துக்கு இருந்தது. செல்வரட்ணம் அதை வாசிக்க முயலாமல் வீமன் என்று கூப்பிட்டார். நாய் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வாசலால் உள்ளே வந்தால் அந்த வீட்டில் பதின்மூன்று படிகள். அதற்கு மேல்தான் சமைக்கிற குசினியும் இருக்கிற இடமும். வீமன் முதற்படியின் முன்னால் நின்று நடுங்கத் தொடங்கியது.

"அப்பா, அவனுக்கு ஸ்ரெயர்ஸ் எண்டா என்னெண்டே தெரியாது" என்றாள் தனுஷிகா. "கூட்டுக்கையும் ஓடுற இடத்திலையும்தான் இருந்தவனாம். வீட்டையே இண்டைக்குத்தான் பாக்கிறான்."

செல்வரட்ணம் படியில் குந்தினார். முன்கால் ஒன்றைத் தூக்கி மேற்படியில் வைத்தார். பிறகு மற்றக் கால். பிறகு பின்னால் போய் பின்னங்கால்கள். ஏறி முடிய அரை மணித்தியாலம் ஆனது. ஞாயிறும் அப்படித்தான், திங்களும் செவ்வாயும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே அப்படித்தான். புதன்கிழமை அவர் கதவைத் திறந்தபோது வீமன் மேற்படியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லத் தானே இறங்கி வந்து, தன் முழுப் பாரத்தையும் அவருடைய தொடையில் சாய்த்துக்கொண்டு நின்றது. அந்த நாய்கள் அப்படித்தான் சாய்ந்து நிற்குமாம். செல்வரட்ணத்துக்கு அது தெரியாது. பன்னிரண்டு வருடங்களாக நாலு மணிக்கு அந்தக் கதவைத் திறந்து வந்தவரை வாசலில் வந்து பார்த்தவர் ஒருவருமில்லை. அதுதான் அவருக்குத் தெரியும்.

காவலுக்கு அது உதவாது என்பது முதல் கிழமையிலேயே தெரிந்துபோயிற்று. தபால்காரர் வந்தால் சோபாவில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடிக்கொள்ளும். ஒரு நாளில் பதினெட்டு மணித்தியாலம் நித்திரை.

"நல்ல காவல்" என்றார் சந்திரவதனா. "கள்ளன் வந்தா ரோச் லைற் பிடிச்சு வழி காட்டும்."

"நாய் நிக்குது எண்டு தெரிஞ்சாலே கள்ளன் வரமாட்டான்" என்றார் செல்வரட்ணம். பிறகு சோபாவிலிருந்து அதை மெல்லத் தள்ளி, "இறங்கடா, எனக்கும் ஒரு அரை மணித்தியாலம் வேணும்" என்று சொல்லிவிட்டுத் தான் சரிவார். தொழிற்சாலையில் மிஞ்சிய துணியால் அவரே உறை தைத்துப் போட்ட சோபா அது.

பிரச்சினையைத் தொடக்கி வைத்தவர் சந்திரவதனாவின் மூத்த அண்ணன் இராஜரட்ணம். பக்கத்து நகரமான பிக்கரிங்கில் புது வீடு வாங்கியவர். இவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, முதல் எட்டு மாதமும் தன்னுடைய பழைய அபார்ட்மென்ரில் வைத்துப் பார்த்தவரும் அவர்தான். அதனால் அந்த வீட்டில் அவருடைய சொல்லுக்கு மறுசொல் இல்லை. மாசி மாதத்தில் வந்தவர் வீமனைக் கண்டதும் திகைத்து நின்றார்.

"என்ன செல்வம், வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டு வைச்சிருக்கிறாய்? விலாவிலை மிருதங்கம் அடிக்கலாம் போலை கிடக்கு."

"ஓடுற சாதி நாய் அத்தான். உப்பிடித்தான் இருக்குமாம்."

"ஆர் சொன்னது, அந்த வெள்ளைக்காரியோ? பேர் வீமன், உடம்பு மோர்மிளகாய். பாக்கிற சனம் என்ன சொல்லும்? தாங்களும் தின்னாமல், நாய்க்கும் குடாமல் இருக்கினம் எண்டு சொல்லும்."

அது செல்வரட்ணத்துக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வருகிற ஒருவரைச் சாப்பிடாமல் அனுப்பாத குடும்பம். அந்த வீட்டில் ஒரு உயிர் எலும்பு தெரிய நிற்கிறதென்றால் யாருக்கு வெட்கம்?

அன்றிலிருந்து வந்தவர்களெல்லாம் கையில் எதையாவது கொண்டுவந்தார்கள். ரோல்ஸ், பற்றீஸ், கல்யாண வீட்டில் மிஞ்சிய புரியாணி. வீமன் எதையும் மறுக்கவில்லை. வீட்டிலும் அதே கதைதான். செல்வரட்ணம் வேலைக்குப் போகுமுன் அதற்கு ஒரு கோப்பை போடுவார். அவர் போட்டது தெரியாமல் சந்திரவதனா பத்து மணிக்குச் சோறும் மீனும் குழைத்து வைப்பார். தாய் வைத்தது தெரியாமல் தனுஷிகா பள்ளியால் வந்து இன்னொரு கோப்பை நிரப்புவாள். நாலு மணிக்கு வருகிற செல்வரட்ணத்தை வீமன் தன்னுடைய நீள முகத்தைத் தூக்கிப் பார்க்கும். "பாவம், பிள்ளை மறந்துபோனாள் போலை" என்று அவரும் திரும்பப் போடுவார். மூன்று பேரும் மூன்று நேரத்தில் வாழ்ந்த வீடு. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரிய வழியே இல்லை.

சித்திரை முடிகிற நேரம் டொறீன் நாயைப் பார்க்க வந்தார். விலாவைத் தடவினார். விரலுக்கு ஓர் எலும்பும் அகப்படவில்லை. பிறகு வீமனை அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடக்கவிட்டுப் பார்த்தார். முறிந்த கால் நிலத்தில் முழுதாகப் படவில்லை. அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் நிறுத்தார்கள். வந்தபோது எழுபது இறாத்தல் இருந்த நாய் இப்போது எண்பத்திரண்டு. அந்தக் கால் இவ்வளவு பாரத்தைத் தாங்காது, இப்படியே விட்டால் ஒருநாள் எழும்பாது, சாப்பாட்டைக் குறைத்து நாளும் நடக்கவிட வேண்டும் என்றார் வைத்தியர்.

டொறீன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று செல்வரட்ணம் பிறகு சொன்னார். கார் தரிப்பிடத்தில் நின்று, அவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார். அதன் கருத்து இதுதான்: "செல்வா, நீங்கள் இவனில் அன்பு என்று தெரியும். ஆனால் எட்டு வாரம்தான் தர முடியும். ஆனி மாத முடிவில் எழுபத்தைந்துக்குக் கிட்ட வராவிட்டால், எடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட கடதாசிப்படி இவனை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம்."

அன்று பின்னேரம் செல்வரட்ணம் சோபாவில் இருந்தார். வீமன் அவருடைய பாதத்தில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது.

"விட்டிடுவமோ?" என்று தொலைபேசியில் கேட்டார் சந்திரவதனா, சலவைப் பகுதியின் இடைவேளையில். "உங்களுக்கு நிக்கவே ஏலாது. ஆர் உதை நடத்திறது?"

"நான் நடத்திறன்" என்றார் அவர்.

முதலில் கோப்பையின் சிக்கலைத் தீர்த்தார்கள். அது தனுஷிகாவின் யோசனை. இனி ஒரேயொரு கோப்பை. காலையும் பின்னேரமுமாக இரண்டு நேரம். சாப்பாடு கொடுத்தவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்த கோப்பையைக் கண்டால் மற்றவர் தொடக்கூடாது. சொல்ல எளிது. கவிழ்ந்த கோப்பைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த நாய் பார்க்கிற பார்வையை மூன்று பேரும் தனித்தனியாகத் தாங்க வேண்டியிருந்தது.

பிறகு நடை. நாலு மணிக்கு வந்து, சோபாவைத் திரும்பிப் பார்க்காமல், கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்குவார். மின்கம்பிகள் போகிற வெளியில் போய் வர ஒரு மணித்தியாலம். முதல் வாரங்களில் வீமனும் நொண்டியது, அவரும் நொண்டினார். மழையென்றாலும் போனார்கள். சில நாள் கண்ணை மூடிக்கொண்டே நடப்பாராம், கயிறு இழுக்கிற பக்கம். திரும்பி வந்து சப்பாத்தோடு சுவரில் சாய்ந்து நித்திரையாகிவிடுவார். தனுஷிகா சப்பாத்தைக் கழற்றிவிடுவாள்.

வருகிறவர்களுக்கும் சொல்லி வைத்தார்கள்: நாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். சிலர் சிரித்தார்கள். சிலர் மேசைக்குக் கீழே கொடுத்தார்கள். இராஜரட்ணத்துக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆனி மாதக் கடைசியில் செல்வரட்ணத்தின் தாயாருடைய திவசம் வந்தது. திதி வியாழக்கிழமை. வியாழன் லீவு கிடைக்காதபடியால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை டொறீன் வைத்தியரிடம் நாயை நிறுக்க வருகிறார். திவசத்துக்கு முதல் நாள் வீட்டுத் தராசில் வீமனைத் தூக்கிக்கொண்டு ஏறி, தன்னுடைய நிறையைக் கழித்துப் பார்த்தார். எழுபத்தேழு.

இருபது பேர் வந்திருந்தார்கள். ஐயர் வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வேறு வீட்டுக்குப் போக வேண்டுமென்று அவசரமாகப் புறப்பட்டார். படைத்ததில் ஒரு பங்கைக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். பின்வளவு வேலிப் பலகையில் வாழையிலைத் துண்டில் வைத்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, மோதகம். எல்லோரும் கதவடியில் நின்று பார்த்தார்கள். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. ஒரு காகமும் இல்லை. சின்னப் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள்.

இராஜரட்ணம் பொறுமை இழந்து போய் இலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காகம் வராது. இந்தா, உவன் நிக்கிறான். உவனுக்குக் குடுப்பம். எந்த உருவத்திலை வந்து திண்டால் என்ன?"

சரி என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். வீமன் வடையின் மணத்துக்கு எழும்பி வந்தது. வந்து இலைப் பக்கம் போகாமல், வழக்கம்போல் செல்வரட்ணத்தின் தொடையில் சாய்ந்துகொண்டு மூக்கை மட்டும் தூக்கியது.

"இல்லை அத்தான்" என்றார் செல்வரட்ணம்.

"என்ன இல்லை?"

"அவனுக்கு வேண்டாம்."

இராஜரட்ணத்தின் முகம் சிவந்தது. "செல்வம், இது உன்ரை அம்மாவுக்கு வைச்ச சோறு. நாய்க்கு டயற் எண்டு சொல்லி இதைத் தடுக்கப் போறியோ? சனம் சிரிக்கும்."

செல்வரட்ணம் மிகவும் களைத்திருந்தார். வாதாட அவரிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அதனாலோ என்னவோ மனதில் கிடந்தது அப்படியே வந்தது.

"சிரிக்கட்டும் அத்தான். நீங்கள் எங்களைப் பாத்த ஆள். உங்களுக்கு எதிர்ச்சொல்லு சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் இவனுக்குப் பசியில்லை. இதைத் திண்டால் இவன்ரை கால் போயிடும், செவ்வாய்க்கிழமை இவனையும் கொண்டு போயிடுவினம். எல்லாரும் இவனுக்கு அள்ளி அள்ளிக் குடுத்தம், நானும் குடுத்தன். குடுத்துத்தான் உந்த நிலைமை."

அவர் இலையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். வேலிக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். கிழமையில் அவருக்கு இருக்கிற ஒரேயொரு லீவு நாள் அது. எவ்வளவு நேரம் நின்றார் என்பதில் அவருக்கும் மனைவிக்கும் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கடைசியில் மோல் கடைத்தொகுதிப் பக்கத்திலிருந்து சீகல் என்கிற வெள்ளைக் கடற்பறவை ஒன்று வந்து வட்டமடித்தது. அவர் இலையை வேலியில் வைத்துவிட்டு விலகினார். அது வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"உது காகமோ?" என்றார் இராஜரட்ணம்.

"வெள்ளைக் காகம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ பெரியண்ணை" என்றார் சந்திரவதனா. "சனம் பசியோடை நிக்குது. வாங்கோ, இலை போடுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். இராஜரட்ணம் சிரிக்கவில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே பிக்கரிங் போய்விட்டார். அந்த வீட்டிலிருந்து ஒரு சொந்தக்காரர் சாப்பிடாமல் போனது அதுதான் முதற்தடவை. செல்வரட்ணம் படிகளில் நின்று கார் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வைத்தியரின் தராசில் வீமன் நாலு காலையும் வைத்து நின்றது. முள் எழுபத்தாறில் நின்றது. செல்வரட்ணம் டொறீனின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். டொறீன் குனிந்து விலாவைத் தடவினார். இந்தத் தடவை விரலுக்கு எலும்புகள் அகப்பட்டன. பிறகு நாயை நடக்கவிட்டார். காலும் முழுதாகப் பதிந்தது. அவர் செல்வரட்ணத்தின் இடுப்பைக் காட்டிச் சிரித்தார். அவருடைய காற்சட்டை பெல்ற்றுக்குள் சுருங்கிக் கிடந்தது. எட்டு வாரத்தில் அவரும் பத்து இறாத்தல் இறங்கியிருந்தார். டொறீன் கடதாசியை எடுத்துக் கையெழுத்து வைத்து அவரிடம் நீட்டினார். வீமன் இனி அவர்களுடையது.

வீட்டுக்கு வந்ததும் வீமன் பதின்மூன்று படியும் ஏறிப்போய் சோபாவில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டது. செல்வரட்ணம் பின்னால் வந்தார். பார்த்தார். நிலத்தில் அமர்ந்து சோபாவின் காலில் முதுகைச் சாய்த்தார். சரியாக அந்த நேரத்தில்தான் நான் அவர்கள் வீட்டுக் கடிதமொன்று எங்கள் பெட்டிக்கு மாறி வந்ததைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"எழுப்பிவிட்டிட்டு இருங்கோவன் அங்கிள்" என்றேன்.

"விடு தம்பி" என்றார் அவர். "இந்த வீட்டிலை ஒருதராவது நித்திரையை முடிக்கட்டும்."

இராஜரட்ணம் நாலு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. ஐப்பசியில் ஒருநாள் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வாறன். உவனுக்கு என்ன கொண்டு வாறது?" என்று கேட்டார்.

"ஒண்டும் வேண்டாம் அத்தான். நடக்கிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

வந்தார். மூச்சு வாங்க வாங்க மின்கம்பி வெளியின் பாதித் தூரம் நடந்தார். திரும்பி வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். வீமன் மேசைக்குக் கீழே காத்துக் கிடந்தது. அவருடைய கை ஒருதரம் கீழே போனதைத் தனுஷிகா கண்டாள். வெறுங்கை. தலையை மட்டும் தடவிவிட்டு மேலே வந்தது.

இந்தக் கதையை வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பந்தயம் ஓடி முடித்த நாய்கள் இப்போது எங்கள் ஆட்களின் வீடுகளுக்கும் வரத் தொடங்கியிருக்கின்றன. விருந்துக்குப் போகிற உங்கள் மாமாமாருக்கும் அன்ரிமாருக்கும் இதை ஒருதரம் சொல்லிவிடுங்கள். விலா தெரிந்தால் அது பட்டினியில்லை, அதன் சுகமே அதுதான். தடவிக் கொடுத்தால் போதும். அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.